மருந்தாளுநர் நோயாளியின் மருந்துத் தேவையை எப்படி மதிப்பிடுகிறார்? எதையெல்லாம் எழுதி வைக்கிறார்?

சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுப்பதோடு வேலை முடிந்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. மருந்தால் நோயாளிக்குக் கிடைக்கும் பலனுக்கும் மருந்தாளுநர் பொறுப்பு என்ற பார்வை, 1990இல் ஹெப்லர், ஸ்ட்ராண்ட் என்ற அமெரிக்க மருந்தாளுமைப் பேராசிரியர்கள் இருவரும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு வலுப்பெற்றது.

ஒவ்வொரு மருந்துக்கும் நான்கு கேள்விகள், இதே வரிசையில்: தேவையா? வேலை செய்கிறதா? பாதுகாப்பானதா? நோயாளியால் ஒழுங்காகச் சாப்பிட முடிகிறதா?

65 வயதுப் பெரியவர் ஒருவர் ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், கூடவே நீர் பிரிய ஒரு மாத்திரை சாப்பிடுகிறார் என்று வையுங்கள். “வேறு மருந்து உண்டா?” என்றால் இல்லை என்பார். “மூட்டு வலித்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டால்தான், கடையில் அவராகவே வாங்கிய டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை வெளியே வரும். இந்த மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனப் பழுதாகலாம். அதனால்தான் வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் பையோடு கொண்டுவரச் சொல்கிறோம். நாட்டு மருந்தும் அதில் சேர்த்தி.

அப்புறம் பதிவு. நோயாளி சொன்னது, அளந்து பார்த்தது (ரத்த அழுத்தம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு), நம் கணிப்பு, அடுத்த திட்டம் என்று நான்கு பகுதி. “வலி மாத்திரையை நிறுத்தச் சொன்னேன்” என்று மட்டும் எழுதினால் போதாது. ஏன் நிறுத்தினோம், மருத்துவரிடம் எப்போது பேசினோம், அவர் என்ன சொன்னார், மறுபரிசோதனை என்றைக்கு என்பதெல்லாம் வேண்டும். இரவுப் பணிக்கு வருபவர் அந்தக் குறிப்பை நம்பித்தான் மருந்து கொடுப்பார்.