‘எல்லாம் அப்டேட் ஆகிவிட்டது’ என்று சர்வர் சொன்னால் நம்பலாமா?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறோம். விண்டோஸ் சர்வர் 2016 ஒன்றுதான் இருக்கிறது. ஆறு பேர் அதில் டேலி போடுகிறார்கள். அமைத்துக் கொடுத்த தம்பி துபாய் போய்விட்டார். 14 மாதமாக எந்த அப்டேட்டும் ஏறவில்லை, ஆனால் திரையில் ‘அப் டு டேட்’ என்றே வருகிறது. விட்டுப்போன சர்வீஸ் பேக்குகளை ஒவ்வொன்றாகப் போட வேண்டுமா? தீபாவளி நெருங்கும்போது கை வைக்கலாமா?

பதில்: சீசன் சூடு பிடிப்பதற்குள் கை வைத்துவிடுங்கள். 14 முறை போட வேண்டியதில்லை. பல அப்டேட்டுகளை ஒன்றாகக் கட்டித் தரும் சர்வீஸ் பேக் என்ற ஏற்பாடே சர்வர் 2008 ஆர்2-வோடு முடிந்துபோனது. 2016-க்கு மாதாமாதம் வருவது குமுலேட்டிவ் அப்டேட். கடைசியாக வந்த ஒன்றைப் போட்டால் முந்தைய மாதங்களுடையதும் சேர்ந்து வந்துவிடும்.

அதற்கு முன் ஒரு விஷயம். சர்வர் ஏன் பொய் சொல்கிறது? ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் இதே கதையைப் பார்த்தேன். மேஜைக்கு அடியில், தூசி படிந்து, ஒரு பழைய சிபியு ஓடிக்கொண்டிருந்தது. அப்டேட்டுகளை வாங்கி மற்ற சிஸ்டங்களுக்குப் பிரித்துக் கொடுக்க யாரோ எப்போதோ வைத்த டபிள்யூசஸ் சர்வர் அது. அதில் புதிய அப்டேட்டுகளுக்கு அனுமதி கொடுக்க ஆளில்லை. மெயின் சர்வர் தினமும் அதனிடம் கேட்கும், அது ‘புதிதாக ஒன்றுமில்லை’ என்று சொல்லும். உங்கள் அப்டேட் திரையில் ‘சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்ற பொருளில் ஒரு சின்ன ஆங்கில வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உங்களுக்கும் அநேகமாக அதுதான். குரூப் பாலிசி என்ற விண்டோஸ் அமைப்புத் திரையில், விண்டோஸ் அப்டேட் பகுதியில், இன்ட்ராநெட் அப்டேட் முகவரி என்ற அமைப்பை நீக்குங்கள். இதைச் சரிசெய்யாவிட்டால் அடுத்த வருடமும் இதே கேள்வியோடு வருவீர்கள்.

பேக்கப்பில் மட்டும் அவசரம் வேண்டாம். எல்லோரும் டேலியை மூடிய பிறகு டேட்டா ஃபோல்டரை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுங்கள். சர்வர் பேக்கப் வைத்து முழு சிஸ்டத்தையும் எடுங்கள். பிறகு அந்த டேட்டாவை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, நேற்றைய பில் தெரிகிறதா என்று கண்ணால் பாருங்கள். டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியபடியே விட்டால், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வரும் நாளில் அதுவும் சேர்ந்தே பூட்டப்படும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது, அதைத் தடுக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாமல் விட்டவர்கள்தான் மாட்டினார்கள்.

இனி வேலை. 11, 20 தேதிகளை ஒட்டி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் நேரத்தில் தொடாதீர்கள். கடை மூடிய ஒரு ராத்திரியை ஒதுக்குங்கள். மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்தில் சர்வர் 2016-க்கான கடைசி சர்வீசிங் ஸ்டாக் அப்டேட் (மற்ற அப்டேட்டுகளை ஏற்றும் பகுதிக்கானது), கடைசி குமுலேட்டிவ் அப்டேட் இரண்டையும் இறக்கிக்கொள்ளுங்கள். ஸ்டாக்கை முதலில் போடுங்கள். அது பழையதாக இருந்தால் மற்றது ஏறாமல் அடம்பிடிக்கும். சி டிரைவில் தாராளமாக இடம் இருக்கட்டும்.

2016-இல் அப்டேட் ரொம்ப மெதுவாக ஏறும். ரீஸ்டார்ட்டில் ஒரே சதவீதத்தில் நெடுநேரம் நிற்கும். பயந்து பவர் பட்டனை அழுத்தினால் சிஸ்டமே கிளம்பாமல் போகலாம். 20 நிமிட யுபிஎஸ்ஸை நம்பியும் இறங்காதீர்கள். அன்று கரண்ட் போய் வந்துகொண்டிருந்தால் வேறு நாள் பாருங்கள்.

ஃபெயில் ஆனால் விண்டோஸ் அப்டேட், பிட்ஸ் (பின்னணியில் ஃபைல் இறக்குவது) சர்வீஸ்கள் இரண்டையும் நிறுத்தி, சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன் ஃபோல்டரின் பெயரை மாற்றி, சர்வீஸ்களை மறுபடி ஓட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால் விண்டோஸைப் பழுது பார்க்கும் டிஸ்ம் கட்டளையில் ரீஸ்டோர் ஹெல்த், அடுத்து சிஸ்டம் ஃபைல்களைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி ஸ்கேன். இந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

சர்வர் 2016-க்கு இலவச பாதுகாப்பு அப்டேட்டுகள் 2027 ஜனவரி 12-உடன் நிற்கின்றன. புது சர்வருக்கு இப்போதே பணம் ஒதுக்குங்கள்.

காலையில் ஷட்டர் தூக்கும் முன் விண்டோஸ் பதிப்பைக் காட்டும் வின்வெர் கட்டளையைத் தட்டி, 14393 என்ற பில்ட் எண்ணுக்குப் பின்னால் உள்ள எண் மாறியிருக்கிறதா பாருங்கள். ஆறு சிஸ்டத்திலும் டேலியைத் திறந்து ஆளுக்கொரு பில் பிரிண்ட் எடுத்துவிடுங்கள்.