பெடல் போர்டின் இரைச்சல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என்னிடம் இருப்பது சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் ஒற்றைச் சுருள்) வைத்த எலக்ட்ரிக் கிட்டார். வா (wah), கம்ப்ரஸர், ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், டிஜிட்டல் டிலே என்று ஒலியை மாற்றும் ஐந்து பெடல்களை ஒரே 9 வோல்ட் அடாப்டரிலிருந்து, கிளை கிளையாகப் பிரியும் டெய்சி செயின் வயரில் இணைத்திருக்கிறேன். வாசிக்காமல் நிற்கும்போது ஆம்ப்பில் ஒரு உறுமல் கேட்கிறது. கூடவே மெல்லிய கீச்சொலியும் உண்டு. டிஸ்டார்ஷனை மிதித்தால் உஸ்ஸென்ற இரைச்சல் அறையை நிரப்பிவிடுகிறது. எல்லோரும் இரைச்சலை அடக்கும் நாய்ஸ் கேட் பெடல் வாங்கச் சொல்கிறார்கள். ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிட்டால் உறுமல் நின்றுவிடும் என்கிறார் ஒரு நண்பர். என்ன செய்யலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நண்பர் சொன்னதை முதலில் பார்த்துவிடுவோம். எர்த் பின்னைத் தொடவே தொடாதீர்கள். கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாகவும் கேபிளின் உறை வழியாகவும் ஆம்ப்பின் உலோகக் கூட்டோடு இணைந்திருக்கின்றன. ஆம்ப்பில் ஒரு கோளாறு வந்து, எர்த்தும் இல்லாமல் போனால், மெயின்ஸ் மின்சாரம் நேராக உங்கள் விரலுக்கு வரும். ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972இல் ஸ்வான்சீ மேடையில், சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். எர்த் உள்ள இரண்டு கருவிகளை ஆடியோ கேபிளால் இணைக்கும்போது எர்த்தும் கேபிளும் சேர்ந்து ஒரு வளையமாகி, கிரவுண்ட் லூப் உறுமல் வரலாம், உண்மைதான். இரண்டையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகிப் பாருங்கள். அப்போதும் போகாவிட்டால், ஆடியோ கேபிளின் நடுவே ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் வையுங்கள். பிளக்கில் கை வைக்கத் தேவையே இல்லை.

சரி, இப்போது கேட் விஷயம். நீங்கள் எழுதியிருப்பது மூன்று ஒலிகள்: உறுமல், கீச்சொலி, உஸ்ஸென்ற இரைச்சல். மூன்றும் வெவ்வேறு இடத்திலிருந்து வருகின்றன. கேட் எதையும் நீக்குவதில்லை. நீங்கள் வாசிக்காதபோது கதவைச் சாத்துகிறது, அவ்வளவுதான். முதல் ஸ்வரத்தை மீட்டியதும் கதவு திறக்கும், மூன்றும் கூடவே உள்ளே வரும். அதனால் இப்போதைக்கு வாங்காதீர்கள்.

பெடல்களை எல்லாம் கழற்றிவிட்டு, கிட்டாரை நேராக ஆம்ப்பில் செருகுங்கள். உறுமல் அப்போதும் இருந்தால் கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் குறையுங்கள். நின்றுவிட்டால் அது பிக்கப் வாங்கி அனுப்பும் உறுமல். நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பிப் பாருங்கள்; ஒரு திசையில் கூடும், இன்னொரு திசையில் குறையும். சுற்றியுள்ள மின்கம்பிகளும் ட்ரான்ஸ்ஃபார்மர்களும் 50 ஹெர்ட்ஸில், சில நாடுகளில் 60 ஹெர்ட்ஸில், உண்டாக்கும் காந்தப்புலத்தை சிங்கிள் காயில் அப்படியே வாங்கிக்கொள்ளும். கிப்ஸன் நிறுவனத்தின் செத் லவர் 1955இல் ஹம்பக்கர் என்ற இரட்டைக் காயில் பிக்கப்புக்குக் காப்புரிமை கோரியது இதற்காகத்தான். எதிர்த் திசைகளில் இயங்கும் இரண்டு காயில்கள் உறுமலை ஒன்றுக்கொன்று அழித்துவிடும், கம்பியின் ஒலி மட்டும் சேர்ந்துகொள்ளும். கிட்டாரின் உட்குழிவில் செப்புத் தகடு ஒட்டுவது நல்ல காரியம்தான். ஆனால் அது மின்புலத்தால் வரும் ரீங்காரத்தைக் குறைக்குமே தவிர, இந்தக் காந்த உறுமலைத் தடுக்காது. ஆம்ப்பிலிருந்து இரண்டடி தள்ளி நிற்பதும், டிம்மர் விளக்கை அணைப்பதும் அதைவிட அதிகம் உதவும்.

அடுத்து பெடல்களை ஒவ்வொன்றாகச் சேருங்கள். கீச்சொலி டிலே சேரும்போது வரும் என்றே நினைக்கிறேன். டிஜிட்டல் பெடலின் உள்ளே இருக்கும் சிப், மின்சாரத்தைச் சீராக இழுக்காமல் துடிப்புத் துடிப்பாக இழுக்கிறது. டெய்சி செயினில் எல்லாப் பெடல்களுக்கும் ஒரே மின்வழி, ஒரே கிரவுண்ட். அந்தத் துடிப்பு ஓவர்டிரைவுக்குள் நுழைகிறது, ஓவர்டிரைவ் அதைப் பெருக்கித் தருகிறது. டிலேவுக்கு மட்டும் தனி அடாப்டர் கொடுத்துப் பாருங்கள். கீச்சொலி காணாமல் போனால் உங்கள் பணம் போக வேண்டிய இடம் தெரிந்துவிட்டது: ஐசொலேட்டட் பவர் சப்ளை. பத்து அவுட்புட் இருக்கிறது என்பதாலேயே ஒரு சப்ளை ஐசொலேட்டட் ஆகிவிடாது. ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் கிரவுண்ட் தனியாக இருக்க வேண்டும். பல சப்ளைகள் உள்ளே வெறும் டெய்சி செயின்தான். வோல்ட், பின் துருவம், மில்லியாம்ப் மூன்றையும் பெடலின் முதுகில் படித்துவிட்டு வாங்குங்கள். சாதாரண ஓவர்டிரைவுக்குச் சில மில்லியாம்ப் போதும், டிஜிட்டல் பெடல்கள் 100, 200, 300 என்று கேட்கும். அப்புறம், வா பெடலின் உள்ளே ஒரு காயில் இருக்கிறது. அதைச் சப்ளையின் பக்கத்தில் வைத்தால் உறுமும். போர்டின் மறுமுனைக்குத் தள்ளிவிடுங்கள்.

உஸ்ஸென்ற இரைச்சலை முழுவதும் ஒழிக்க யாராலும் முடியாது. ரெசிஸ்டருக்குள் வெப்பத்தால் எலக்ட்ரான்கள் அலைவதே ஒரு இரைச்சல். பெல் ஆய்வகத்தில் ஜான் ஜான்ஸன் இதை அளந்தார், ஹாரி நைக்விஸ்ட் விளக்கினார். இருவரின் கட்டுரைகளும் 1928இல் வெளிவந்தன. நம் கையில் இருப்பது அதை எவ்வளவு பெருக்குகிறோம் என்பது மட்டுமே. 20 டெசிபெல் கெயின் (பெருக்கம்) என்றால் சிக்னலின் வோல்ட் பத்து மடங்கு. அப்படி இரண்டு பெடல்களை அடுத்தடுத்து மிதித்தால் நூறு மடங்கு. முதல் பெடலில் நுழைந்த இரைச்சலும் அதே நூறு மடங்கு பெருகும். கம்ப்ரஸர் இதை இன்னும் மோசமாக்குகிறது: ஸ்வரம் தேய்ந்ததும் சின்ன ஒலிகளைத் தூக்கிவிடுவதுதான் அதன் வேலை. டிஸ்டார்ஷன் வாசிக்கும்போது கம்ப்ரஸரை அணைத்துவிடுங்கள். டிஸ்டார்ஷன் தானே ஒலியை அமுக்கிவிடுகிறது, இழப்பு ஒன்றும் இல்லை. கெயின் குமிழையும் கொஞ்சம் குறையுங்கள். தனியாக வாசிக்கும்போது மெலிந்ததுபோல இருக்கும். குழுவோடு சேர்ந்ததும் ஸ்வரங்கள் தெளிவாக வெளியே வரும். இதை எவ்வளவு வற்புறுத்திச் சொன்னாலும் தகும்.

கேபிள்களையும் ஒருமுறை அசைத்துப் பார்த்துவிடுங்கள். கரகரத்தால் மாற்றிவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு மிச்சமிருக்கும் இரைச்சலுக்குக் கேட் வாங்கலாம். டிஸ்டார்ஷனுக்கு அடுத்து, டிலேவுக்கு முன்னால் வையுங்கள். டிலேவுக்குப் பின்னால் வைத்தால் எதிரொலிகளின் வால் அறுந்துவிடும். நான்கு ஜாக் உள்ள கேட் இன்னும் நல்லது. அது கிட்டாரின் சுத்தமான ஒலியைக் கேட்டு முடிவெடுத்து, டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் கதவைச் சாத்தும். எந்த ஒலியளவுக்குக் கீழே கதவு சாத்தும் என்பதைத் தீர்மானிக்கும் த்ரெஷோல்டைக் கீழேயிருந்து மெல்ல ஏற்றி, இரைச்சல் அடங்கிய இடத்தில் நிறுத்துங்கள். பிறகு ஒரு நீண்ட ஸ்வரத்தைத் தேயவிட்டுக் கேளுங்கள். நடுவில் வெட்டுப்பட்டால் த்ரெஷோல்டைக் கொஞ்சம் இறக்குங்கள், கதவு சாத்த எடுத்துக்கொள்ளும் நேரமான டிகேயை நீட்டுங்கள்.