அதே பாறை, அதே சதுரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாறைக் கடற்கரைகளைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் கடல் உயிரியல் முதுகலை மாணவி. கடல் ஏறி வற்றும் பாறைகளில் குறித்துவைத்த சதுரங்களை ஆண்டுக்கு இருமுறை கணக்கெடுக்கும் குழு ஒன்றில் இருக்கிறேன். இது எனக்கு மூன்றாம் ஆண்டு. உண்மையைச் சொன்னால் சோர்வாக இருக்கிறது. பாறையில் ஒட்டி வாழும் சிறு ஓட்டுயிர்களான கொட்டலசுகள் ஒருமுறை சற்றுக் கூடுகின்றன, அடுத்த முறை சற்றுக் குறைகின்றன. மட்டிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இந்த எண்களை வைத்து ஆய்வுக்கட்டுரை எழுத முடியாது. இதே செலவில் புதிய இடங்கள் பலவற்றைப் பார்த்துவிடலாம் என்று உடன் படிப்பவர்கள் சொல்கிறார்கள். ட்ரோனும் செயற்கைக்கோளும் இருக்கும்போது பாறையில் மண்டியிட்டு எண்ணுவது எதற்கு என்றும் கேட்கிறார்கள். ஒன்றும் மாறாத இடத்தைத் திரும்பத் திரும்ப எண்ணுவதால் என்ன பயன்? எத்தனை ஆண்டு செய்தால் போதும்?

க.

அன்புள்ள க.,

உங்கள் சோர்வு எனக்குப் புரிகிறது. மூன்று ஆண்டுத் தரவு என்பது இந்த வேலையில் மிகவும் சங்கடமான கட்டம். புதிய இடத்தைப் பார்க்கும் ஆர்வம் அடங்கியிருக்கும். நீண்ட தொடரின் பலனோ கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்காது. ஆனாலும் நீங்கள் இதை விட்டுவிடக்கூடாது என்றே நினைக்கிறேன். இப்படிப்பட்ட பதிவுகள் எந்தக் கேள்விக்கு விடை தந்தனவோ அந்தக் கேள்வி, அவை தொடங்கப்பட்டபோது பெரும்பாலும் யார் மனத்திலும் இருந்ததில்லை. பாறைக்கரை ஆய்வின் வரலாற்றில் இது மீண்டும் மீண்டும் நடந்திருக்கிறது.

கலிபோர்னியாவின் மாண்டரே விரிகுடாவில் ஹாப்கின்ஸ் கடலாய்வு நிலையம் இருக்கிறது. அங்கே 1931 முதல் 1933 வரை வில்லிஸ் ஹீவாட் என்ற ஆய்வாளர், கரையிலிருந்து கடலை நோக்கிச் செல்லும் ஒரு பட்டையை வரையறுத்து, அதில் வாழும் முதுகெலும்பற்ற உயிர்களைக் கட்டம் கட்டமாக எண்ணினார். எந்த உயிர் எந்த உயரத்தில் வாழ்கிறது என்பதை அறிவதே அவருடைய நோக்கம். பருவநிலை மாற்றம் என்ற எண்ணத்துக்கு அவருடைய ஆய்வில் இடமே இல்லை. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1993-94இல், அந்தப் பட்டையைக் குறிக்கப் பாறையில் பதித்திருந்த பித்தளை போல்ட்டுகளைத் தேடிக் கண்டுபிடித்து, அதே கட்டங்களை மறுபடி எண்ணினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க முடிந்த 45 இனங்களில், தெற்கே வெப்பமான கரைகளுக்குரிய 9 இனங்களில் 8 பெருகியிருந்தன. வடக்கே குளிர்ந்த கரைகளுக்குரிய 8 இனங்களில் 5 குறைந்திருந்தன. இதற்கிடையே கரையோரக் கடல்நீரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 0.75 பாகை செல்சியஸ் உயர்ந்திருந்தது. இந்தக் கடைசி எண் கிடைத்ததற்கும் காரணம் உண்டு. அந்த நிலையத்தில் 1919 முதல் கடல்நீரின் வெப்பநிலையைத் தினமும் யாரோ ஒருவர் அளந்து எழுதிவந்தார். அந்த அளவீட்டை அன்றாடம் செய்தவர்களுக்கு அது எவ்வளவு சலிப்பூட்டும் வேலையாக இருந்திருக்கும் என்பதை உங்களால் ஊகிக்க முடியும்.

அமெரிக்க மேற்குக் கரையின் பெரிய கண்காணிப்பு வலையமைப்பின் கதையும் இதே போன்றது. சேனல் தீவுகள் தேசியப் பூங்காவில் 1982இல் தொடங்கிய முறையான கணக்கெடுப்பு, பின்னர் பல அமைப்புகளின் கூட்டு முயற்சியாக விரிந்து, இன்று அலாஸ்கா முதல் மெக்சிகோ வரை நீள்கிறது. அதற்குப் பணம் ஒதுக்கப்பட்டதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று எண்ணெய்க் கசிவு பற்றிய அச்சம். கசிவு ஏற்பட்டால் அதற்கு முந்தைய நிலை என்ன என்று காட்ட ஆதாரம் வேண்டும் என்று கருதினார்கள். ஆனால் அந்த ஆதாரம் முதலில் வேறொன்றுக்குப் பயன்பட்டது. 1980களின் நடுவில் கருப்பு அபலோன் என்ற பெரிய ஒற்றை ஓட்டு நத்தை, பாறையைப் பற்றியிருக்கும் கால்தசை சுருங்கி, பிடி தளர்ந்து விழுந்து சாகத் தொடங்கியது. ஒரு பாக்டீரியாவால் வரும் நோய் அது. கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்த காரணத்தால் வீழ்ச்சி எந்தத் தீவில் எப்போது தொடங்கியது, எவ்வளவு வேகமாகப் பரவியது என்பதெல்லாம் எண்களாகப் பதிவாகின. 2009இல் அந்த இனம் அழிவின் விளிம்பில் உள்ளதாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டபோது அந்த எண்களே முக்கியச் சான்றாக நின்றன.

அதே மேற்குக் கரையில் 2013இல் கடல் நட்சத்திரங்கள் கரைந்து அழியத் தொடங்கின. கைகள் முறுகி, உடலில் வெண்புண்கள் தோன்றி, சில நாட்களில் உடலே கூழாகிவிடும் நோய் அது. இருபதுக்கும் மேற்பட்ட இனங்கள் பாதிக்கப்பட்டன. இதற்குக் காரணமான ஒரு பாக்டீரியா, சூரியகாந்திக் கடல் நட்சத்திரத்தில் 2025இல்தான் உறுதிசெய்யப்பட்டது. ஆனால் எத்தனை அழிந்தன, எங்கே குஞ்சுகள் மறுபடி வந்தன என்ற கேள்விகளுக்கு அதுவரை யாரும் காத்திருக்கவில்லை. பல ஆண்டுகளாக அதே இடங்களில் அவற்றை எண்ணி, அளந்து வந்தவர்களிடம் விடை இருந்தது. சூழலியலாளர் ராபர்ட் பெயின் 1963இல் வாஷிங்டன் மாநிலக் கரையில் ஒரு சிறு பகுதியிலிருந்து கடல் நட்சத்திரங்களைக் கையால் அகற்றிவந்ததும், அவற்றுக்கு இரையாகிவந்த மட்டிகள் பெருகி மற்ற உயிர்களை நெருக்கி வெளியேற்றியதும், 15 இனங்கள் இருந்த இடத்தில் 8 மட்டுமே எஞ்சியதும் நீங்கள் பாடத்தில் படித்ததுதான். அவர் ஒரு பாறைமுகத்தில் செய்ததை இந்த நோய் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குச் செய்தது. விளைவு எல்லா இடத்திலும் ஒன்றுபோல இல்லை. எங்கே மட்டிகள் கீழ்நோக்கிப் படர்ந்தன, எங்கே படரவில்லை என்பதை, முன்பு அவற்றின் கீழ் எல்லை எங்கே இருந்தது என்று எழுதிவைத்திருந்தவர்களால் மட்டுமே சொல்ல முடிந்தது.

நீங்கள் "ஒன்றும் மாறாத இடம்" என்று எழுதியதை நான் ஏற்கவில்லை. சற்றுக் கூடுகிறது, சற்றுக் குறைகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சற்று எவ்வளவு என்பதே உங்கள் குழு இதுவரை கண்டுபிடித்த மிக முக்கியமான விஷயம். கொட்டலசின் இளவுயிரிகள் பல வாரம் கடலில் மிதந்து திரிந்த பிறகே பாறையில் ஒட்டுகின்றன. நீரோட்டமும் காற்றும் ஒத்துழைத்த ஆண்டில் பாறை வெள்ளை பூத்தாற்போல் இருக்கும், ஒத்துழைக்காத ஆண்டில் வெறுமையாகக் கிடக்கும். மட்டிப்படுகையில் புயலலை ஒரு திட்டைப் பெயர்த்தெடுத்துவிட்டால் அது மறுபடி மூட சில ஆண்டுகளாகும், சில இடங்களில் பத்தாண்டுக்கு மேலும் ஆகும். இந்த இயல்பான ஏற்ற இறக்கத்தின் வீச்சு தெரியாதவரை, நாளை ஒரு வீழ்ச்சி வரும்போது அது வழக்கமானதா, விபரீதமானதா என்று யாராலும் சொல்ல இயலாது.

இதை மிகவும் கடுமையான முறையில் கற்றுக்கொண்ட இடம் இங்கிலாந்தின் கார்ன்வால் கரை. 1967 மார்ச்சில் டோரி கேனியன் என்ற எண்ணெய்க் கப்பல் தரைதட்டி உடைந்தது. கரையேறிய எண்ணெயைக் கரைக்க 10,000 டன்னுக்கும் அதிகமான வேதிக்கரைப்பான்களைக் கொட்டினார்கள். அன்றைய கரைப்பான்கள் எண்ணெயைவிடக் கொடிய நஞ்சாக இருந்தன. பாறையை மேய்ந்து சுத்தமாக வைத்திருக்கும் லிம்பெட் என்ற கூம்பு ஓட்டு நத்தைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. மேய ஆளில்லாத பாறையில் முதலில் பச்சைப் பாசி படர்ந்தது, பிறகு பழுப்புக் கடற்பாசி அடர்ந்து கொட்டலசுகளை மூடியது. அந்தப் பாசியின் ஈர நிழலில் புதிய லிம்பெட் குஞ்சுகள் ஏராளமாகப் பிழைத்தன. அவை வளர்ந்து பாசியையெல்லாம் தின்று தீர்த்தன. தீர்ந்ததும் உணவின்றித் தாமே குறைந்தன. அவை குறைந்ததும் பாசி ஓரளவு திரும்பியது. இந்த ஊசலாட்டம் அடங்கி, கரை தன் பழைய நிலைக்கு அருகில் வர, கரைப்பான் அதிகம் கொட்டப்பட்ட இடங்களில் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் ஆயின. மூன்றாம் ஆண்டில் அங்கே போன ஒருவர் செழித்த பசுமையைப் பார்த்துக் கரை மீண்டுவிட்டது என்று எழுதியிருப்பார். ஏழாம் ஆண்டில் போனவர் லிம்பெட்டுகள் நிறைந்த வெற்றுப் பாறையைப் பார்த்து வேறொன்று எழுதியிருப்பார். இருவர் எழுதுவதும் தவறாகவே இருக்கும். கடல்நாய் எனப்படும் சீல்கள் வாழ்வதை எண்ணிக் கரைப்பான் தெளிக்காமல் விட்ட காட்ரெவி என்ற இடம் இரண்டு மூன்று ஆண்டுகளில் தேறிவிட்டது. இந்த ஒப்பீடு பிற்கால எண்ணெய்க் கசிவுகளைக் கையாளும் முறையையே மாற்றியது.

இனி ட்ரோன் விஷயத்துக்கு வருகிறேன். படுகைகளின் பரப்பையும் எல்லையையும் வரைய ட்ரோன் மிகச் சிறந்த கருவி. கையால் செய்வதைவிட விரைவாகவும் துல்லியமாகவும் செய்யும். ஆனால் நீங்கள் மண்டியிட்டுப் பார்ப்பதை அது பார்ப்பதில்லை. 50க்கு 75 சென்டிமீட்டர் சட்டத்தைப் பாறையிலுள்ள போல்ட்டுகளில் பொருத்தி, அதற்குள் நூறு புள்ளிகளில் ஒவ்வொன்றின் கீழும் என்ன இருக்கிறது என்று குறிக்கிறோம். ஒரு புள்ளியின் கீழ் கடற்பாசி இருக்கிறது. அதை விரலால் விலக்கினால் அடியில் கொட்டலசு. அது உயிரோடு இருக்கிறதா, மூடித்தகடுகள் உதிர்ந்த வெற்றுக்கூடா? உயிரோடு இருந்தால், குளிர்கடல் இனமா, வெப்பக்கடல் இனமா? மேல்திறப்பின் வடிவத்தையும் ஓட்டுத்தகடுகள் பொருந்தும் விதத்தையும் கண்ணருகே வைத்துப் பார்த்தால் ஒழிய இதற்கு விடை சொல்ல முடியாது. கரை வெப்பமடைகிறதா என்ற கேள்விக்கோ அந்த இரண்டு இனங்களின் விகிதமே சாட்சி.

செயற்கைக்கோள் தரும் வெப்பநிலையும் அப்படித்தான். வற்றிய வேளையில் வெயிலில் கிடக்கும் மட்டியின் உடல், சூழ்ந்திருக்கும் காற்றைவிட 10 பாகைக்கும் மேல் சூடாகிவிடக்கூடும். சூழலியலாளர் பிரையன் ஹெல்மத் குழுவினர் வெப்பமானியை உள்ளே வைத்த செயற்கை மட்டிகளைப் படுகைகளுக்குள் ஒட்டிவைத்து 1998 முதல் அளந்தபோது, வடக்கே போகப் போகக் குளிர்ச்சி என்ற எளிய கணக்கு பொய்த்தது. கோடையில் கடல் வற்றுவது நண்பகலில் நேரும் வடக்குப் பகுதிகள் சில, நள்ளிரவில் வற்றும் தெற்குப் பகுதிகளைவிட மோசமாகச் சூடேறின. 2021 ஜூனில் வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் வீசிய வெப்ப அலையில் நூறு கோடிக்கு மேற்பட்ட கடலுயிர்கள் மடிந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அதிலும் நிழல் பக்கப் பாறையில் இருந்தவை பிழைக்க, வெயில் பக்கத்தில் இருந்தவை வெந்தன. ஒரே பாறையின் இரண்டு முகங்களுக்குள் உள்ள இந்த வேறுபாட்டை அருகிருந்து பார்ப்பவரே அறிவார்.

உங்கள் நண்பர்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: நிலையான சதுரங்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? பெரும்பாலான திட்டங்களில், மட்டியைக் கண்காணிக்க மட்டி அடர்ந்த இடத்திலும் கொட்டலசைக் கண்காணிக்கக் கொட்டலசு அடர்ந்த இடத்திலும் சதுரம் போடுகிறார்கள். உச்சத்தில் இருக்கும் இடத்தில் தொடங்கினால் அடுத்து இறங்குவதற்கே வாய்ப்பு அதிகம். கரை முழுவதும் அந்த இனம் நலமாக இருந்தாலும் உங்கள் சதுரங்களில் அது குறைவதுபோல் தோன்றும். குறைகிறது என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். சதுரங்களோடு கூட, கரையின் குறுக்கே தற்போக்காகத் தேர்ந்த புள்ளிகள் சிலவற்றையும் பாருங்கள். புதிய இடங்களுக்குச் செலவிட நினைக்கும் பணத்தில் ஒரு பகுதியை இதற்குக் கொடுக்கலாம்.

இன்னொரு ஆபத்து முறையை மாற்றுவது. நல்ல கேமரா வந்தது, புதிய பொறுப்பாளர் வந்தார், ஏதாவது காரணத்தால் எண்ணும் விதம் மாறிவிடுகிறது. அந்த ஆண்டில் வரைபடத்தில் ஒரு படி தெரிகிறது. அது கடலில் நடந்ததா, காகிதத்தில் நடந்ததா என்று பிறகு யாருக்கும் தெரிவதில்லை. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பழைய முறையையும் புதிய முறையையும் சில பருவங்களுக்கு ஒரே சதுரங்களில் சேர்த்துச் செய்யுங்கள். ஆளுக்கு ஆள் எண்ணிக்கை எவ்வளவு வேறுபடுகிறது என்பதையும் ஆண்டுதோறும் ஒரே சதுரத்தை இருவர் தனித்தனியே எண்ணிச் சோதித்துக்கொள்ளுங்கள்.

எத்தனை ஆண்டு போதும் என்று கேட்டீர்கள். தென்மேற்கு இங்கிலாந்தில் 1950களிலிருந்து கடல் உயிரியலாளர் ஆலன் சவுத்வர்ட் எண்ணிவந்த கொட்டலசுகளின் கணக்கைப் பாருங்கள். 1950களின் வெதுவெதுப்பில் வெப்பக்கடல் இனம் ஓங்கியிருந்தது. 1962-63இன் கடும் குளிர்காலமும் அதைத் தொடர்ந்த குளிர்ந்த ஆண்டுகளும் குளிர்கடல் இனத்துக்குச் சாதகமாயின. 1980களின் பிற்பகுதிக்குப் பிறகு நிலைமை திரும்பவும் மாறி, வெப்பக்கடல் இனம் பெருகியது. 1960 முதல் 1980 வரை மட்டும் எண்ணிய ஒருவர் கரை குளிர்ந்துவருகிறது என்று முழு நேர்மையோடு முடிவு சொல்லியிருப்பார். இருபதாண்டுத் தரவுகூட அவரைத் தவறான திசைக்கு இட்டுச்சென்றிருக்கும். எனவே போதும் என்ற எண்ணை நான் சொல்லப்போவதில்லை. பத்து இடங்களை இரண்டு ஆண்டுகள் பார்ப்பதா, மூன்று இடங்களை இருபது ஆண்டுகள் பார்ப்பதா என்று உங்கள் துறை கேட்டால், தயங்காமல் மூன்று இடங்களைச் சொல்லுங்கள்.

உங்கள் பட்டம் முடிந்து நீங்கள் போய்விடுவீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே இந்தப் பருவத்திலேயே ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். உங்களை அறியாத ஒருவர் அந்தப் பாறைக்குத் தனியாக வந்தால், ஒவ்வொரு போல்ட்டையும் கண்டுபிடிக்க உதவும் படங்களும் தூரங்களும் திசைகளும், எந்த வற்றத்தில் எண்ண வேண்டும், எதை உயிருள்ளதாகக் கொள்ள வேண்டும், சந்தேகமான இனத்தை எந்தப் பெயரில் எழுத வேண்டும் என்ற விதிகளும் அடங்கிய குறிப்பேட்டை எழுதி, மூலத்தரவோடு சேர்த்துத் துறையில் ஒரு பிரதியும் நூலகத்தில் ஒரு பிரதியும் வையுங்கள். பிறகு அடுத்த ஆண்டு மாணவர் ஒருவரிடம் அதைக் கொடுத்து, நீங்கள் வாய் திறக்காமல் கூட நின்று, அவரால் சதுரங்களைக் கண்டுபிடித்து எண்ண முடிகிறதா என்று பாருங்கள். அவர் தடுமாறும் இடத்தில் குறிப்பேட்டைத் திருத்துங்கள்.

அன்புடன்.