சவரக்கத்தி தீட்டும் தோல் வாரை வீட்டிலேயே செய்ய முடியுமா? எந்தத் தோல் வாங்க வேண்டும்? சலூன்களில் இதெல்லாம் ஏன் காணாமல் போனது?

முடியும். நான் இரண்டு செய்திருக்கிறேன், முதலாவது குப்பைக்குப் போனது. எனக்கு ஆம்பூர் பக்கம். தடுக்கி விழுந்தால் டேனரி வாசலில்தான் விழ வேண்டும், தோலுக்கா பஞ்சம் என்று கொஞ்சம் தெனாவட்டாகத்தான் இறங்கினேன். வெட்டுவது, தைப்பது எல்லாம் ஒரு சாயங்கால வேலை. மாட்டிக்கொண்டது தோலைத் தேர்ந்தெடுப்பதில்தான்.

ஷூ கம்பெனியில் வேலை செய்யும் மாமா பளபளவென்று ஒரு கறுப்புத் துண்டு கொண்டுவந்து கொடுத்தார். பார்க்க அவ்வளவு அழகு. அதை வாராக வெட்டி ஜன்னல் கம்பியில் மாட்டி, தாத்தாவின் மடக்குக் கத்தியை இழுத்தால் பிளாஸ்டிக் மேல் போவதுபோல வழுக்கிக்கொண்டு போகிறது. பத்து நாள் தீட்டியும் கன்னத்தில் வைத்தால் முடியைப் பிடுங்கியது. காட்பாடியில் பழைய சலூன் வைத்திருந்த ஒரு பெரியவரிடம் எடுத்துப்போய்க் காட்டினேன். தடவிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னாபா இது, ஷூ தோலு. கத்திக்குக் கொஞ்சம் புடிமானம் வேணாமா?" என்றார்.

விஷயம் இதுதான். இன்று நம்ம பக்கம் பதனிடும் தோலில் பெரும்பகுதி குரோம் தோல், அதாவது குரோமிய உப்பில் பதனிட்டது. மெத்தென்று இருக்கும், வளையும், இழுபடும், ஷூ மேல்பாகத்துக்கு அதுதான் வேண்டும். அதற்கு மேல் பூச்சு வேறு அடித்திருப்பார்கள். வாருக்கு வேண்டியது பட்டையில் பதனிட்ட, பூச்சு இல்லாத தோல். அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள், பிறகு வாட்டில் என்ற மரத்தின் பட்டை வந்தது. கழிவுத் தோலை எடைக்குப் போடும் கடைகளில் தேடினால் கிடைக்கும். கடைக்காரர் எதைக் காட்டினாலும் "பட்டைத் தோல்தாங்க" என்பார், நீங்கள் ஓரத்தை லேசாகச் சீவிப் பாருங்கள். நடுவில் நீலமோ சாம்பலோ தெரிந்தால் குரோம், உள்வரைக்கும் ஒரே பழுப்பாக இருந்தால் பட்டை. மாட்டின் முதுகுப் பக்கத்துத் துண்டாகக் கேளுங்கள், வயிற்றுப் பக்கம் நாளாக ஆகத் தொளதொளத்துவிடும். கனம் 3 மில்லிமீட்டர் இருந்தால் போதும், நீளம் 18 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அகலம் 3 அங்குலம் இருந்தால் கத்தி முழுவதும் ஒரே இழுப்பில் படும். எனக்குக் கிடைத்தது இரண்டரைதான், அதனால் அடியிலிருந்து நுனி வரைக்கும் படும்படி கொஞ்சம் குறுக்காக இழுக்கிறேன். ஒன்றும் குறைந்துவிடவில்லை.

தோலை ஈரத்துணியால் துடைத்து, சமையல் மேடை கிரானைட்டில் விரித்து, கண்ணாடிப் பாட்டிலால் அரை மணி நேரம் அழுத்தி உருட்டினேன். நார் இறுகி மேல்பக்கம் வழவழப்பாகும். அப்புறம்தான் ஒரு முட்டாள்தனம் செய்தேன், சுருளாமல் இருக்கட்டும் என்று ஈரத்தோல் மேல் இரும்புப் படிக்கல்லை வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் பார்த்தால் மை கொட்டியதுபோல வட்டமாகக் கறுப்பு. பட்டையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும், அந்தக் காலத்துக் கடுக்காய் மை இதே சமாசாரம். அம்மாவிடம் மேடை நாறுகிறது என்று திட்டு வாங்கியது தனி. கறை போகவே இல்லை. ஆனால் கடைக்காரர் பொய் சொல்லவில்லை என்பதாவது தெரிந்தது.

காய்ந்ததும் நைஸ் உப்புத்தாளால் ஒரு தடவை தேய்த்து, பின்பக்கம் அதே அளவில் கித்தான் துணி வைத்து, ஒரு முனையில் வளையம், மறு முனையில் கைப்பிடி என்று மெழுகு நூலால் தைத்தேன். எண்ணெயை ஊற்றி ஊறவைக்காதீர்கள், தோல் களிபோல ஆகிவிடும். தினமும் உள்ளங்கையால் தேய்த்தாலே போதும், நம்ம வேலூர் வெயிலுக்குக் கையில் இருக்கும் பிசுக்கே தாராளம்.

தீட்டும்போது கத்தியின் முதுகு முன்னால் போக வேண்டும், கூர் பின்னால் வர வேண்டும். திருப்புவது முதுகின் மேல்தான். முதலில் கித்தானில் 20 முறை, பிறகு தோலில் 50 முறை. வாரை இழுத்துப் பிடியுங்கள், தொங்கினால் கூர் உருண்டுவிடும். மழுங்கிய கத்தியை வார் காப்பாற்றாது, அதற்குச் சாணைக்கல்தான், 8000 கிரிட் வரைக்கும் போக வேண்டும் (கிரிட் எண் கூடக்கூடக் கல் நைஸாக இருக்கும்). வார் செய்வது கூரை நேராக்கிக் கொடுப்பது மட்டுமே.

இதெல்லாம் சலூன்களில் ஏன் காணாமல் போனது என்றும் கேட்டிருந்தீர்கள். எய்ட்ஸ் பயமும் ஒரு காரணம். 1986-இல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளை வேலூர் சிஎம்சியில் சோதித்தபோதுதான் அந்தக் கிருமி இந்தியாவில் இருப்பதே முதலில் தெரிந்தது. பிறகு ஆளுக்கொரு பிளேடு என்று வந்துவிட்டது, அது நல்லதுக்குத்தான். இந்த வாரும் கத்தியும் உங்கள் ஒருவருக்கு மட்டும் இருக்கட்டும், வீட்டில் தம்பிக்குக்கூடக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, வேகம் வேண்டாம். சலூன்காரர் மாதிரி சடசடவென்று அடித்துப் பார்க்கும் ஆசையில், திருப்புவதற்குள் இழுத்து, புது வாரில் மூன்றாம் நாளே அரை அங்குலம் வெட்டிவிட்டேன். உப்புத்தாள் போட்டும் பிசிறு மட்டும்தான் போனது, கீறல் இன்னும் இருக்கிறது. அந்த இடம் வருவதற்கு முன்பே கத்தியைத் திருப்பிவிடுகிறேன்.