பூட்டிக் கிடந்த வீட்டில் பாத்ரூம் நாறுவது ஏன்?

ஒரு மாதம் ஊருக்குப் போய்த் திரும்பினால் பாத்ரூமில் சாக்கடை நாற்றம், பைப் உடைந்திருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை. தரையிலுள்ள ஜாலியைத் தூக்கிப் பாருங்கள். கீழே இருக்கும் ட்ராப்பில், அதாவது தண்ணீர் தேங்கும்படி வளைந்த குழாய்ப் பகுதியில், எப்போதும் சுமார் 50 மி.மீ. தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். சாக்கடை வாயுவை மேலே வரவிடாமல் தடுக்கும் மூடியே அந்தத் தண்ணீர்தான். தினமும் குளிக்கிற வீட்டில் அது தானாக நிரம்பிவிடும். பூட்டிய வீட்டில், அதுவும் கோடையில், வற்றிவிடும்.

இரண்டு மக் தண்ணீர் ஊற்றுங்கள், போதும். அடுத்த முறை கிளம்பும்போது அதன்மேல் கொஞ்சம் சமையல் எண்ணெய் விட்டால் சீக்கிரம் ஆவியாகாது.

மாடியில் ஃப்ளஷ் செய்யும்போது ஜாலியில் ‘குளுக் குளுக்’ சத்தம் கேட்கிறதா? அப்படியென்றால் கதை வேறு. கழிவுக் குழாய்க்குள் காற்றை விடும் காற்றுக்குழாய் இல்லாததால் அல்லது அடைத்திருப்பதால், மேலிருந்து இறங்கும் தண்ணீர் ட்ராப்பில் நிற்கும் தண்ணீரையும் உறிஞ்சி இழுக்கிறது. அதற்கு பிளம்பர்தான் வரவேண்டும்.