ஞானத்திற்கு இருப்பிடம்

அன்புள்ள ஐயா,

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், பிரான்சின் ஓவெர்ன் பகுதியில் செய்த 12ஆம் நூற்றாண்டு மரச் சுரூபம் ஒன்றைப் பார்த்தேன். மாதா நேரே வெறிக்கிறாள். மடியில் இருப்பது குழந்தையாகவே இல்லை, குள்ளக் கிழவன் போல இருக்கிறது. சின்ன வயதில் தினமும் ஜெபமாலை சொன்னவன் நான். ஆனாலும் மனம் ஒட்டவில்லை. அந்தக் காலச் சிற்பிகளுக்குக் குழந்தையைச் செதுக்கத் தெரியாதா? கறுப்பு முகத்தோடு இருக்கும் மாதா சுரூபங்கள் பழைய பெண்தெய்வங்கள்தான் என்கிறார்களே, உண்மையா? அடுத்த மாதம் பாரிஸ் போகிறேன். லூவரில் எதைப் பார்க்கலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கறுப்பு மாதாவை முதலில் முடித்துவிடுகிறேன். மெழுகுவர்த்திப் புகை, நாள்பட்டுக் கறுத்த வண்ணம், பின்னால் வேண்டுமென்றே பூசிய கறுப்பு என்று சுரூபத்துக்குச் சுரூபம் காரணம் மாறும். எல்லாவற்றையும் ஒரே பெண்தெய்வத்தில் கொண்டுபோய்க் கட்டுகிறவர்களை நான் படிப்பதில்லை.

‘தெரியாதா’ என்று கேட்டீர்களே, அதுதான் இரண்டு நாளாக உறுத்துகிறது. அந்த மாதாவின் உடுப்பு மடிப்புகளைப் பார்த்தீர்களா? வால்நட் மரத்தில் வரிவரியாக எவ்வளவு மெல்லிசாக ஓடுகின்றன! அதைச் செதுக்கிய கைக்கு ஒரு பிள்ளையின் கன்னத்தை உருட்டத் தெரியாது என்று எப்படி ஐயா எழுத மனம் வந்தது? வேண்டாம் என்றுதான் விட்டிருக்கிறான். ஜெபமாலை முடிந்ததும் மாதா பிரார்த்தனையில் என்ன சொன்னீர்கள்? “ஞானத்திற்கு இருப்பிடமே.” இந்த வகைச் சுரூபத்துக்கு லத்தீனில் அந்தப் பெயரேதான். நீங்கள் வாயால் சொன்னதை அவன் மரத்தில் செய்திருக்கிறான். மடியில் இருப்பது ஞானம். அதற்கு எந்த வயது முகத்தை வைப்பது? அவள் அதற்கு ஆசனம். அசையாமல் தாங்குவது அவள் வேலை. அவள் மார்பிலும் தோளுக்குப் பின்னாலும் குடைவுகள் உண்டு, புனிதர்களின் எலும்பு, துணி போன்ற திருப்பண்டங்கள் வைத்திருக்கலாம். நீங்கள் பின்பக்கம் போய்ப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கும் முதலில் ஒட்டவில்லை. ஜெர்மனியின் எஸ்ஸன் பேராலயத்தில் ஒரு பொன் மாதா இருக்கிறாள். ஏறக்குறைய 980இல், ஒட்டோ பேரரசரின் பேத்தி மத்தில்டே மடத்தலைவியாக இருந்த காலத்தில் செய்தது. நமக்குக் கிடைத்திருக்கும் முழு மாதா சிற்பங்களில் இதுவே மிகப் பழையது என்கிறார்கள். 74 செ.மீ. உயரம். பாப்லர் மரத்தின்மேல் கால் மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத தங்கத் தகடு. எனாமல் பதித்த பெரிய கண்கள். நான் போனது டிசம்பர் மாதம் ஒரு சாயங்காலம். பார்த்தாயிற்று என்று கிளம்பும்போது, காய்கறிப் பையோடு ஒரு கிழவி வந்து நின்று, மெல்ல இடம் மாறினாள். நானும் மாறிப் பார்த்தேன். நகர நகர வெளிச்சம் அந்தக் கன்னத்தில் வழிந்துகொண்டே வந்தது. ஒரு தடவை பார்த்த முகம் அடுத்த தடவை இல்லை. இடைக்காலத்தில் பிப்ரவரி 2, மெழுகுவர்த்தித் திருநாளில் அவளுக்குச் சிறு பொன்முடி சூட்டுவார்கள், பவனி எடுப்பார்கள். எத்தனை சுடர் அந்த முகத்தில் ஆடியிருக்கும்! அருங்காட்சியக விளக்கு ஒரே இடத்தில் நின்று எரிகிறது.

அப்போது அம்மா போய் மூன்று மாதம். அம்மா கொஞ்சுகிறவள் இல்லை. எனக்கு ஏழு வயதில் விஷக்காய்ச்சல். ஆஸ்பத்திரி பெஞ்சில் ராத்திரி முழுக்க என்னை மடியில் போட்டுக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கண் விழித்தபோதெல்லாம் எனக்குத் தெரிந்தது அவள் தாடையின் அடிப்பக்கம்தான். குனிந்து ஒரு தடவை பார்த்ததாகக்கூட ஞாபகம் இல்லை. விடியும்போது எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. எஸ்ஸனில் அந்த மாதாவின் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று அழுதேன்.

லூவர் கேட்டீர்கள். சேன்ட் ஷப்பேல் ஆலயத்திலிருந்து வந்த தந்த மாதாவைப் பாருங்கள். 1260களில் செய்தது, 41 செ.மீ. ஒயிலாக நின்று புன்னகைக்கிறாள். உங்களுக்குப் பிடிக்கும். ஆனால் ஓவெர்ன் மாதாவுக்குப் பிறகு நூறு வருஷத்துக்குள் குழந்தை செதுக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று எனக்குக் கடிதம் போடாதீர்கள். இடையில் 1223இல் அசிசியின் புனித பிரான்சிஸ் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் வைக்கோலும் மாடும் கழுதையுமாகக் கிறிஸ்துமஸ் குடில் வைத்தார். ஜனங்கள் குழந்தையைத் தூக்கிக்கொள்ள ஆசைப்பட ஆரம்பித்தார்கள். சிற்பியும் அதைச் செய்து கொடுத்தான்.

பாரிஸிலிருந்து எஸ்ஸனுக்கு ரயிலிலேயே போய்விடலாம். ஒரு நாள் ஒதுக்குங்கள். சாயங்காலமாகப் போங்கள். ஒரே இடத்தில் நிற்காதீர்கள்.