முழங்கையை நோகடிக்காத ஸ்ட்ரிங் எது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த டென்னிஸ் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன: கை வலிக்கிறது, என்ன ஸ்ட்ரிங் போடலாம்? ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, கொஞ்சம் சுருக்கிக் கீழே தந்திருக்கிறேன். ஊசி போடலாமா, என்ன மாத்திரை என்றெல்லாம் கேட்டிருந்தவர்கள் மன்னிக்கவும். ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் போடுவதுதான் என் தொழில்.

வயது 44. வாரம் மூன்று நாள் காலையில் கிளப்பில் டபுள்ஸ் ஆடுகிறேன். பாபொலாட் ப்யூர் டிரைவ் வாங்கினேன். கடையில் பாலியஸ்டர் ஸ்ட்ரிங்கை 55 பவுண்டு இறுக்கத்தில் போட்டுக் கொடுத்தார்கள். இப்போது முழங்கையின் வெளிப்பக்கம் வலி. காபி டம்ளரைத் தூக்கினாலே சுரீரென்கிறது. ராக்கெட்டை மாற்ற வேண்டுமா, ஸ்ட்ரிங்கை மாற்றினால் போதுமா? (அண்ணா நகர், சென்னை)

முதலில் அந்தப் பாலியை வெட்டி எடுங்கள். இன்றைக்கே. நடுவிலிருந்து ஆரம்பித்து, குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி வெளிப்பக்கம் நோக்கி வெட்ட வேண்டும். ஒரே ஓரத்தில் வெட்டிக்கொண்டே போனால் ஃப்ரேம் ஒரு பக்கமாக இழுபடும்.

அடுத்து பிசியோதெரபிஸ்ட். மணிக்கட்டை மேலே தூக்கும் தசையின் நாண் முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் வந்து சேர்கிறது. எதையாவது பிடித்துத் தூக்கும்போது அங்கே வலித்தால் பெரும்பாலும் அது டென்னிஸ் எல்போதான். எந்த ஸ்ட்ரிங்கும் அதைக் குணப்படுத்தாது. நல்ல ஸ்ட்ரிங் செய்யக்கூடியது, ஆறுகிற புண்ணை மறுபடி கிளறாமல் இருப்பது மட்டும்தான்.

உங்கள் விஷயத்தில் மூன்று கடினங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. ஃப்ரேமின் விறைப்பை ஆர்.ஏ. என்ற எண்ணால் சொல்வார்கள். ப்யூர் டிரைவ் வகைக்கு அது 70-ஐ ஒட்டி இருக்கும். வில்சன் க்ளாஷ் போன்ற வளைந்து கொடுக்கும் ராக்கெட்டுக்கு 55 அளவில்தான். விறைப்பான ஃப்ரேமில் விறைப்பான ஸ்ட்ரிங், அதுவும் 55 பவுண்டில். பந்து ஸ்ட்ரிங்கில் ஒட்டியிருப்பது ஒரு நொடியின் ஆயிரத்தில் நான்கைந்து பங்கு நேரம்தான். அந்த நேரத்துக்குள் ஸ்ட்ரிங் நன்றாக உள்வாங்கினால் அடி பரவலாக இறங்கும்; உள்வாங்காவிட்டால் மொத்தமும் கூர்மையாகக் கைக்கு வரும்.

ராக்கெட்டை இப்போது மாற்ற வேண்டாம், அது செலவான வைத்தியம். நுண்ணிழைகளைத் திரித்துச் செய்த மல்டிஃபிலமென்ட் ஸ்ட்ரிங் ஒன்று போடுங்கள். டெக்னிஃபைபர் எக்ஸ்-ஒன் பைஃபேஸ், அதே கம்பெனியின் என்.ஆர்.ஜி.2, வில்சன் என்.எக்ஸ்.டி. மூன்றில் எது கிடைத்தாலும் சரி. 1.30 மி.மீ. தடிமன், 50 பவுண்டு. வலி தணிந்து மறுபடி ஆட ஆரம்பித்த பிறகு இரண்டு மூன்று மாதம் இதில் ஆடிப் பாருங்கள். அப்போதும் உறுத்தினால் ஃப்ரேமைப் பற்றிப் பேசலாம்.

நேச்சுரல் கட் (குடல் ஸ்ட்ரிங்), மல்டி, சிந்தடிக் கட், பாலி என்று கடையில் அடுக்குகிறார்கள். கைக்கு எது மென்மை என்று ஒரே வரியில் சொல்ல முடியுமா? (சேலம்)

நீங்கள் எழுதியிருக்கும் அதே வரிசைதான். இடமிருந்து வலமாகப் போகப் போக விறைப்பு கூடும். பாலிக்கும் அப்பால் கெவ்லர் என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

சிந்தடிக் கட் என்பது நடுவில் ஒரு கெட்டி நைலான் இழை, அதைச் சுற்றி மெல்லிய இழைகள். விலை குறைவு, குறை சொல்லவும் அதிகம் இல்லை. பிரின்ஸ் ட்யூராஃப்ளெக்ஸைத் தலைமுறைகளாக ஆடிக்கொண்டிருக்கிறார்கள். மல்டிஃபிலமென்ட் என்பது நூற்றுக்கணக்கான நுண்ணிழைகளைத் திரித்துப் பிசினால் பிணைத்தது. நேச்சுரல் கட்டைப் போல இருக்க வேண்டும் என்றுதான் அதைச் செய்கிறார்கள்.

நான் சுத்த சைவம். நேச்சுரல் கட் எதிலிருந்து செய்கிறார்கள்? பூனைக் குடல் என்று நண்பர் பயமுறுத்துகிறார். (மயிலாப்பூர்)

பூனை இல்லை. மாட்டுக் குடலின் மேல்சவ்விலிருந்து செய்கிறார்கள். முற்காலத்தில் ஆட்டுக் குடல். பிரான்ஸின் லியோன் நகரத்து பாபொலாட் குடும்பம் 1875-இலிருந்து டென்னிஸுக்காக இதைச் செய்து வருகிறது. ராமநாதன் கிருஷ்ணன் 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதி ஆடிய காலத்தில் பெரிய ஆட்டக்காரர்களின் மர ராக்கெட்டுகளில் இருந்ததும் இதுதான். ஆகவே உங்களுக்கு ஒத்துவராது.

அதனால் நீங்கள் பெரிதாக எதையும் இழக்கப் போவதில்லை. நல்ல மல்டி போதும். இன்னும் ஒரு வழியும் உண்டு: ஆஷவே மோனோகட் இசட்எக்ஸ். பார்வைக்குப் பாலியைப் போல ஒற்றை இழை, ஆனால் சைக்ஸ் என்ற வேறு பொருள். நைலானைவிட மென்மையாக இருக்கும். பந்து பாய்ந்து போகும், அதனால் முதல் சில நாள் பேஸ்லைனைத் தாண்டி விழுந்தால் பதற வேண்டாம். நம் ஊர்க் கடைகளில் லேசில் கிடைக்காது, சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கும்.

சைவம் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. நேச்சுரல் கட்டுக்கு ஈடு இன்னும் வரவில்லை. இறுக்கத்தையும் எல்லாவற்றையும்விட நீண்ட நாள் காப்பாற்றும். விலை மல்டியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஈரம்தான் எதிரி. இப்போது வருபவற்றுக்கு மேல்பூச்சு இருப்பதால் சென்னைப் புழுக்கத்தைத் தாங்கிவிடும். ஆனால் தூறலில் ஆடினால், நனைந்த பந்தை அடித்தால், நார் நாராகப் பிரியும். ஐப்பசி, கார்த்திகையில் புதிதாகப் போட்டு விட்டு என்னைத் திட்ட வேண்டாம்.

பாலிதான் பிடித்திருக்கிறது, ஸ்பின் நன்றாக வருகிறது. டென்ஷனை 45-க்கு இறக்கிவிட்டால் கை தப்பிக்குமா? ‘சாஃப்ட் பாலி’ என்று விற்கிறார்களே, அது எப்படி? (கோவை)

இறக்குவது நல்லதுதான். ஆனால் அதை நம்பி ஏமாறுபவர்கள்தான் அதிகம். இறுக்கம் வேறு, பொருளின் விறைப்பு வேறு. பந்து மோதும் கணத்தில் ஸ்ட்ரிங் இன்னும் கொஞ்சம் நீள வேண்டியிருக்கிறது. அந்தக் கொஞ்சத்துக்குப் பாலி எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பதுதான் கைக்குத் தெரியும். 45 பவுண்டுப் பாலி, 60 பவுண்டு நேச்சுரல் கட்டைவிட விறைப்பாகவே இருக்கும். பீட் சாம்ப்ராஸ் 70 பவுண்டைத் தாண்டி இறுக்கி ஆட முடிந்தது அது கட் என்பதால். அதே எண்ணில் பாலியைப் போட்டு அவர் ஆடியிருந்தால் கை என்ன ஆகியிருக்குமோ.

பாலியில் ஸ்பின் கூடுவது உண்மை. மேலிருந்து கீழே ஓடும் மெயின் ஸ்ட்ரிங்குகள் பந்தோடு வழுக்கி நகர்ந்து, பந்து கிளம்பும்போது சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்பும். அந்தத் துள்ளல்தான் பந்தைச் சுழற்றுகிறது. 1997-இல் குஸ்தாவோ குவேர்ட்டன் லக்ஸிலான் பாலி ஸ்ட்ரிங்கோடு வந்து பிரெஞ்சு ஓபனை வென்ற பிறகுதான் உலகமே இதன் பக்கம் திரும்பியது. ஆனால் அந்த வழுக்கலை வரவழைக்க ராக்கெட் வேகமாக வர வேண்டும். நாற்பது வயதில் கிளப் டபுள்ஸ் ஆடுகிறவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு அந்த வேகம் கிடையாது. பாலியின் லாபம் கிடைக்காது, நஷ்டம் மட்டும் முழுசாகக் கிடைக்கும். உங்கள் ஆட்டத்தை நான் பார்த்ததில்லை, நீங்கள் மீதி இருவரில் ஒருவராக இருக்கலாம்.

அப்படியென்றால் யோனெக்ஸ் பாலி டூர் புரோ அல்லது லக்ஸிலான் எலிமென்ட். 1.25 தடிமன், 46 பவுண்டுக்கு மேல் வேண்டாம். சாஃப்ட் பாலி என்பது மற்றப் பாலிகளோடு ஒப்பிட்டால் மென்மை, அவ்வளவுதான். முழங்கையில் ஏற்கெனவே வலி இருந்தால் அதுவும் கூடாது.

ஃபெடரர் போல ஹைப்ரிட் (ஒரே ராக்கெட்டில் இரண்டு வகை ஸ்ட்ரிங்) போட ஆசை. எதை எங்கே போட வேண்டும்? (திருச்சி)

ஃபெடரர் போட்டது மெயினில் வில்சன் நேச்சுரல் கட், கிராஸில் லக்ஸிலான் அலு பவர் ரஃப். நெடுக்கில் இருப்பதுதான் ஆட்டத்தின் குணத்தைத் தீர்மானிக்கும், குறுக்கில் இருப்பது அதைக் கொஞ்சம் அடக்கும். நம் ஊரில் ஹைப்ரிட் கேட்டால் பெரும்பாலும் மெயினில் பாலி, கிராஸில் சிந்தடிக் கட் என்று தலைகீழாகத்தான் போடுகிறார்கள். பாலியைவிட நைலான் மெயின் சீக்கிரம் அறுந்துவிடும் என்று கடைக்காரர் யோசிக்கிறார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கைக்காக என்றால் மல்டியை மெயினில் 52, வழுவழுப்பான மெல்லிய பாலியை கிராஸில் 48 என்று கேட்டு வாங்குங்கள். கூர்முனை வைத்த பாலியை கிராஸில் போட்டால் அது மல்டியை அறுத்துத் தள்ளிவிடும்.

மகனுக்கு 11 வயது, அகாடமியில் தினமும் இரண்டு மணி நேரம் பயிற்சி. சிந்தடிக் கட் மாதம் ஒன்று அறுகிறது. கோச் பாலி போடச் சொல்கிறார், ஆல்காரஸ் அதைத்தான் போடுகிறாராம். செலவும் மிச்சமாகும் என்கிறார். (மதுரை)

வேண்டாம் சார். இதில் மட்டும் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

தினமும் ஆடுகிற பையன் மாதம் ஒரு ஸ்ட்ரிங் அறுப்பது நல்ல சேதி. நன்றாக அடிக்கிறான் என்று அர்த்தம். அவனுடைய எலும்பு முனைகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. அந்தக் கையில் பாலியின் அடியை வருடக்கணக்கில் இறக்குவது எதற்கு? ஆல்காரஸ் பாபொலாட் ஆர்.பி.எம். பிளாஸ்ட் போடுவது நிஜம்தான். ஆனால் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பாலியை அறும்வரை வைத்துக்கொள்வதே இல்லை. ஆட்டத்தில் முதல் ஏழு கேம் முடிந்ததும், பிறகு ஒன்பது கேமுக்கு ஒருமுறையும் பந்து மாற்றுவார்கள். பலர் அதோடு சேர்த்து ராக்கெட்டையும் மாற்றிவிடுவார்கள். ஒரு மேட்சுக்கு முன்னால் ஐந்தாறு ராக்கெட்டுக்குப் புது ஸ்ட்ரிங் போட ஆள் இருக்கிறது. நம் பிள்ளைகளோ அதே பாலியை ஆறு மாதம் ஆடுகிறார்கள், ‘அறவே இல்லையே அங்கிள்’ என்று பெருமை வேறு.

செலவுதான் கவலை என்றால் வழி இருக்கிறது. தனித்தனி செட்டாக வாங்காமல் சிந்தடிக் கட்டை 200 மீட்டர் ரீலாக வாங்குங்கள். ஒரு ராக்கெட்டுக்குப் பன்னிரண்டு மீட்டர் என்றால் பதினாறு முறை வரும், செட் விலையோடு பார்த்தால் நல்ல மிச்சம். இப்போது 1.25 போட்டிருந்தால் 1.30-க்கும், பிறகு 1.35-க்கும் போங்கள், அறுவது தள்ளிப்போகும். அதுவும் வாரம் ஒன்று என்று அறுகிற நாள் வந்தால் அப்போது ஹைப்ரிட். முழுப் பாலி, பையன் உடம்பு தேறி பதினாறு பதினேழு வயதில். கோச்சிடம் சண்டை போட வேண்டாம், பிசியோ சொன்னார் என்று சொல்லிவிடுங்கள்.

ஸ்ட்ரிங்கில் மாட்டும் ரப்பர் டேம்பனர் கை வலியைக் குறைக்குமா? (வேலூர்)

குறைக்காது. ‘டிங்’ என்ற சத்தம் ‘டப்’ என்று மாறும். அகாசி ரப்பர் பேண்டைக் கட்டிக்கொண்டு ஆடினார். பிடித்திருந்தால் நீங்களும் மாட்டிக்கொள்ளுங்கள்.

மல்டிஃபிலமென்ட் போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது, இன்னும் அறவில்லை. ஆனால் ஸ்ட்ரிங்குகள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன, ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் விரலால் சரிசெய்கிறேன். மாற்ற வேண்டுமா? (புதுச்சேரி)

கண்டிப்பாக. வாரத்துக்கு எத்தனை நாள் ஆடுகிறீர்களோ, வருடத்துக்கு அத்தனை முறை மாற்ற வேண்டும் என்று ஒரு பழைய கணக்கு இருக்கிறது. நைலான் வகைகளுக்கு அது பொருந்தும். பாலிக்கு அதுகூடப் போதாது. பத்துப் பதினைந்து மணி நேர ஆட்டத்திலேயே அதன் உயிர் போய்விடும். செத்த ஸ்ட்ரிங்கில் பந்து எங்கே போகும் என்று தெரியாது. தெரியாததால் கைப்பிடியை இறுக்குவோம், வலுக்கட்டாயமாக வீசுவோம். முழங்கைக்கு அதுதான் கேடு.

நைலான் ஸ்ட்ரிங் நகர்வது இயல்பு, பாலியைப் போலத் தானாகத் திரும்பாது. அதற்காகத் தரம் குறைவு என்று நினைக்க வேண்டாம். ரமேஷ் கிருஷ்ணன் பாணியில் பந்தைத் தட்டையாகத் தள்ளி, ஸ்லைஸ் போட்டு, வலைக்கு வந்து ஆடுகிறவர்களுக்கு மல்டியைவிடச் சுகமானது இல்லை. இன்னொன்று, ராக்கெட்டை வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் விடாதீர்கள். சித்திரை வெயிலில் ஒரு மதியம் கிடந்தாலே இறுக்கம் நன்றாக இறங்கிவிடும்.

கடையில் போய் என்னவென்று சொல்லிக் கேட்பது? ‘நார்மலா போடுங்க’ என்றுதான் இதுவரை சொல்லி வந்திருக்கிறேன். (திருநெல்வேலி)

‘நார்மல்’ என்றால் கடையில் அன்றைக்கு எந்த ரீல் மாட்டியிருக்கிறதோ அது. ஸ்ட்ரிங்கின் பெயர், தடிமன், பவுண்டு, மூன்றையும் சொல்லுங்கள். ஃப்ரேமில் 50-60 என்று அச்சிட்டிருந்தால் நைலானுக்கு 52-இல் ஆரம்பித்து, அடுத்தடுத்த முறை இரண்டு இரண்டாகக் குறைத்துப் பாருங்கள். பந்து கட்டுக்கடங்காமல் பறக்கத் தொடங்கும் இடத்துக்கு ஒரு படி மேலே நில்லுங்கள். 18×20 போல நெருக்கமான பின்னல் உள்ள ராக்கெட்டுக்கு இன்னும் இரண்டு குறைக்கலாம். ‘ப்ரீ-ஸ்ட்ரெச் வேண்டாம்’ என்றும் சொல்லிவிடுங்கள், முன்னாலேயே இழுத்துவிட்டால் நைலான் விறைத்துப்போகும். கையால் சுற்றும் மெஷினில் 52 என்பதும் எலக்ட்ரானிக் மெஷினில் 52 என்பதும் ஒன்றல்ல. சுற்றும் மெஷினில் கொஞ்சம் தளர்வாகவே வரும். அதனால் ஒரே ஆளிடம் போடுவது நல்லது.

நல்ல மல்டி, 50 பவுண்டு, எல்லாம் மாற்றியும் கை வலி அப்படியே இருக்கிறது. (நாகர்கோவில்)

பிசியோவைப் பார்த்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் கைப்பிடியையும் பந்தையும் பாருங்கள். ராக்கெட்டைப் பிடித்த நிலையில் விரல் நுனிகளுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே மற்றக் கையின் ஆள்காட்டி விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் கைப்பிடி சிறியது. நழுவாமல் இருக்க நாள் முழுக்க நெரித்துப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். கைப்பிடி மேல் ஓவர்கிரிப் நாடா ஒன்று சுற்றினால் தீர்ந்துவிடும். 270 கிராம் ராக்கெட் கைக்கு நல்லது என்று யாராவது சொல்லியிருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள். எடை குறைந்தால் பந்தின் அடியைத் தாங்கும் பொறுப்பு கைக்கு வந்துவிடும். ஆடத் தாங்குகிறவரை கொஞ்சம் கனமே நல்லது.

அப்புறம், உங்கள் கிளப்பில் என்ன பந்து? காற்றழுத்தம் இல்லாத பந்துகள் நீண்ட நாள் வரும் என்று சில இடங்களில் வாங்கிப் போடுகிறார்கள். அவை கல்லைப் போல இருக்கும். சாதாரணப் பந்தையே வாரக்கணக்கில் ஆடி, மழைநீர் குடித்த பிறகும் தூக்கி எறியாமல் வைத்திருக்கிறார்கள் என்றாலும் அதே கதைதான். நான்கு பேர் சேர்ந்து புது டப்பா ஒன்று வாங்கி இரண்டு வாரம் ஆடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.